பங்காக்கோ சா'யோ: இது யாருடைய கதை?

#1 · மெழுகுவத்தி

வணக்கம். அயல்மொழித் தொடர்கள் பகுதியில் கொரியாவும் துருக்கியும்தான் நிரம்பி வழிகின்றன. பிலிப்பைன்ஸுக்கு ஒரு இழைகூட இல்லை. சரி, நானே தொடங்கிவிடுகிறேன்.

நான் அபுதாபியில் நர்ஸ். அறையில் என்னோடு இருக்கும் மூன்று பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம். தகலோக் மொழியில் அக்கா என்று பொருள். (முதல் நாள் என் காதில் ‘ஆத்தா’ என்று விழுந்தது. பார்த்தால் அவ்வளவு வயசு தெரியவில்லையே என்று யோசித்தேன்.) இரவு டியூட்டி முடிந்து வந்தால் ஆத்தேயின் போனில் ஓடுவது ஒரே தொடர்தான்: பங்காக்கோ சா'யோ. ‘உனக்குத் தந்த வாக்கு’ என்று தமிழில் சொல்லலாம். ஏபிஎஸ்-சிபிஎன் சேனலில் 2000 நவம்பர் 13 அன்று தொடங்கி 2002 செப்டம்பர் 20 வரை, வாரத்துக்கு ஐந்து நாள் ஓடியது. 2015இல் வேறு நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். ஆங்கில வசன வரிகள் உதவியோடு இரண்டையும் பார்த்து முடித்துவிட்டேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமோர், புவேனாவிஸ்தா என்ற பெரிய வீட்டில் வேலைக்காரப் பெண். அந்த வீட்டுப் பிள்ளை எடுவார்டோவுக்கும் அவளுக்கும் காதல். வீட்டார் விடுவார்களா? அவனுக்குத் தங்கள் தகுதிக்கு ஏற்ற கிளாடியாவைக் கட்டிவைக்கிறார்கள். அமோருக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வெளியேறுகிறாள். பிறகு குப்பை மேடு ஒன்று சரிந்து தன் குடும்பமே போய்விட்டது, குழந்தையும் போய்விட்டது என்று நம்புகிறாள். அமெரிக்கப் பணக்காரர் ஒருவரை மணந்து, பல வருடம் கழித்து ‘அமோர் பவர்ஸ்’ ஆகத் திரும்பி வருகிறாள், கணக்குத் தீர்க்க. ஆனால் அந்தக் குழந்தை சாகவில்லை. வேறொரு ஏழைக் குடும்பத்தில் ஈனா மகஸ்பாக் என்ற பெயரில் வளர்ந்து, புவேனாவிஸ்தா வீட்டுக்கே வேலைக்கு வருகிறது. அந்த வீட்டுப் பையன் ஏஞ்சலோ அவளைக் காதலிக்கிறான்.

ஜெரிகோ ரொசாலெஸ், கிறிஸ்டின் எர்மோசா ஜோடிக்காகத்தான் ஊரே பார்த்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஈனாவும் ஏஞ்சலோவும் அழகாக இருக்கிறார்கள், மழையில் நனைகிறார்கள், அவ்வளவுதான். தொடரின் உண்மையான ஜோடி அமோரும் கிளாடியாவும் என்பேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 · தர்க்கம்

ஒரு கோடிப் பேர் வாழும் மணிலாவில், தொலைந்துபோன மகள் வேலைக்குச் சேர்வது அதே வீட்டிலா? இதை எழுதியவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லையா?

இன்னொன்று. எடுவார்டோவுக்கு அமோர் மீது இவ்வளவு உருக்கம் என்றால், கிளாடியாவை விவாகரத்து செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? பத்தே எபிசோடில் முடிய வேண்டிய கதையை ஏறக்குறைய இரண்டு வருடம் இழுத்திருக்கிறார்கள்.

#3 · ஈப்போ_முருகையா

அடடா! இந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது. மலேசியாவில் இது ‘தி பிராமிஸ்’ என்ற பெயரில் வந்தது. என் அம்மாவுக்கு மலாய் வசன வரிகளைப் படிக்கத் தெரியாது, தகலோக்கும் தெரியாது. ஆனால் கிளாடியா படியிறங்கி வந்தாலே “வந்துட்டா பாரு” என்பார். வேறு என்ன மொழி வேண்டும்?

மெழுகுவத்தி சொல்வது சரி. அமோராக நடித்த யூலா வால்டெஸ், கிளாடியாவாக வந்த ஜீன் கார்சியா, இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றால் மற்றவர்கள் மேசை நாற்காலிக்குச் சமம். தகலோக்கில் கன்னத்தில் விடும் அறைக்கு ‘சம்பால்’ என்று பெயர். எங்கள் ஊரில் சம்பால் என்றால் மிளகாய்த் துவையல், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும். இரண்டும் காரம்தான்.

டான்டன் குத்தியெரஸ் பாவம், எடுவார்டோவாக வந்து இரண்டு வருடமும் நடுவில் நின்றுகொண்டே இருந்தார்.

#4 · வானதி_கே

தர்க்கம் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அதில்தான் இந்தத் தொடரின் அச்சாணி இருக்கிறது.

எடுவார்டோ விவாகரத்து செய்ய முடியாது. அவன் கோழை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் நாட்டில் அதற்குச் சட்டமே கிடையாது. வத்திக்கானை விட்டுவிட்டால் உலகில் விவாகரத்து இல்லாத நாடு பிலிப்பைன்ஸ் ஒன்றுதான். அங்குள்ள முஸ்லிம்களுக்கு மட்டும் 1977 முதல் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்களுக்கு இருப்பது, அந்தத் திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் வழி. 1987ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில் 36ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: திருமணத்தின்போதே கணவனோ மனைவியோ அந்தப் பொறுப்பை ஏற்கும் மனத்தகுதி இல்லாமல் இருந்தார் என்று காட்ட வேண்டும். வக்கீல், உளவியல் அறிக்கை, வருடக்கணக்கில் வாய்தா. பணம் இருப்பவர்களுக்கே நுரை தள்ளும். 2024 மே மாதம் பிரதிநிதிகள் சபை ஒரு விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துச் சட்டமாக்கவில்லை.

குற்றவியல் சட்டத்தையும் பாருங்கள். மனைவி ஒரே ஒருமுறை வேறொருவனோடு இருந்தாலும் அது குற்றம். கணவன் மீது வழக்குப் போட, அவன் அந்தப் பெண்ணைக் குடும்ப வீட்டிலேயே வைத்திருந்தான், அல்லது வேறு இடத்தில் அவளோடு குடித்தனம் நடத்தினான், அல்லது ஊர் காறித்துப்பும்படி நடந்துகொண்டான் என்று காட்டியாக வேண்டும். தண்டனையும் அவனுக்குக் குறைவு.

இப்போது கிளாடியாவின் இடத்தில் நின்று பாருங்கள். புருஷன் தன்னை ஒருநாளும் நேசிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ‘திருமதி புவேனாவிஸ்தா’ என்ற பெயரை யாரும் பிடுங்க முடியாது. அதனால் அவள் அந்தப் பெயரை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாரையும் வதைக்கிறாள். அமோரிடம் எத்தனை கோடி இருந்தாலும் அந்தப் பெயரை வாங்க முடியாது. வேறு நாட்டில் இந்தக் கதையை எழுதினால் தர்க்கம் சொன்னதுபோல் பத்து எபிசோடுதான். மணிலாவில் இருவரையும் ஆயுளுக்கும் ஒரே கயிற்றில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

#5 · தர்க்கம்

சரி, இது எனக்குத் தெரியாது. விவாகரத்துக் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். அதே வீட்டுக்கு வேலைக்கு வரும் கேள்வி அப்படியே இருக்கிறது.

#6 · யாழ்நிலா

நான் 2015 பதிப்பின் கட்சி. பழையதைப் பத்து எபிசோட்டுக்கு மேல் பார்க்க முடியவில்லை. படம் மங்கல், எதற்கெடுத்தாலும் வயலின். புதியது 190 எபிசோட்தான், ஓட்டமும் நன்றாக இருக்கிறது. காத்ரின் பெர்னார்டோவும் டேனியல் பாடில்யாவும் சேர்ந்து நின்றாலே போதும். அந்த ஊரில் ‘கிலிக்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காதல் காட்சி பார்க்கும்போது வயிற்றுக்குள் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அதற்கு. ஆக்ஸ்ஃபர்டு அகராதியே 2016இல் அதைச் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் ஜோடி சாந்தா மரியா! புதுமுகமாக வந்து அமோர் வேடத்துக்குச் சர்வதேச எம்மி விருதையே வாங்கிவிட்டார்.

#7 · ஈப்போ_முருகையா

தங்கச்சி, இரண்டு திருத்தம். எம்மிக்கு 2016இல் சிறந்த நடிகை பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார், உண்மை. விருது ஜெர்மனியின் கிறிஸ்டியானே பாலுக்குப் போனது. பரிந்துரையே பெரிய மரியாதைதான், குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் புதுமுகம் என்றீர்களே, அது சரியில்லை. ஜோடி முதல் தொடரிலேயே இருந்தார்! கிளாடியாவின் மகள், ஏஞ்சலோவின் தங்கை லியாவாக. அப்போது அவருக்கு 18 வயசு. பதினைந்து வருடம் கழித்து அதே கதைக்கு அமோராகத் திரும்பி வந்தார்.

அதற்கு முன்னால் 2012 முதல் 2014 வரை, பகல் நேரத்தில் ஓடிய ‘பி கேர்ஃபுல் வித் மை ஹார்ட்’ தொடரில் மாயா என்ற வெள்ளந்திப் பெண்ணாக வந்தார். விமானப் பணிப்பெண் ஆகும் கனவோடு மணிலா வந்து, பணக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் சேர்வாள். முதலாளியே அவளைக் கல்யாணம் செய்துகொள்வார். அந்த மாயாவை மடியில் வைத்துக் கொஞ்சிய சனம்தான் அடுத்த வருடம் அவர் அமோர் பவர்ஸாக வந்து நின்றதைப் பார்த்தது. வேலைக்காரப் பெண்ணுக்கு நல்ல முதலாளி வாய்த்தால் மாயா, இல்லாவிட்டால் அமோர்.

#8 · வெட்டுமேசை

நான் தொழிலால் படத்தொகுப்பாளன். இதை வேறு கோணத்தில் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கைக் கணக்கு. 2000இல் ஏஞ்சலோவாக நடித்த ஜெரிகோவுக்கு 21 வயசு. அவன் அம்மா கிளாடியாவாக வந்த ஜீன் கார்சியாவுக்கு 31. சரி, அது பழைய காலம் என்று விட்டுவிட்டால், 2015இல் டேனியலுக்கு 20, அவன் அம்மாவாக வரும் ஏஞ்சலிகா பங்கனிபனுக்கு 28! எட்டே வயசு வித்தியாசத்தில் அம்மா, பிள்ளை. ஏன் இப்படி என்று கேட்டால், மெழுகுவத்தியின் முதல் பதிவுக்கே வந்துவிடுகிறோம். அம்மாக்கள்தான் கதாநாயகிகள் என்று தேர்வு செய்தவர்களுக்குத் தெரியும். சண்டை போடவும், அழவும், பழைய காதலனைப் பார்த்துக் கண் கலங்கவும் இளமை வேண்டும்.

இரண்டாவது, காத்திருப்பு. ஈனா யாருடைய மகள் என்று நமக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு நூற்றுக்கணக்கான எபிசோட் நாம் பார்ப்பது அமோரின் முகத்தைத்தான். ஒவ்வொரு முறை ஈனா அறைக்குள் வரும்போதும், இன்றைக்குத் தெரிந்துவிடுமா? என் தொழில் மொழியில் சொன்னால், வெட்டு எப்போதும் ஒரு நொடி தாமதமாக விழுகிறது. அமோர் பேசி முடித்துவிடுவாள், கேமரா அவள் முகத்திலேயே நிற்கும். ஏதோ உறுத்துகிறது. என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. தர்க்கம் இதை இழுவை என்கிறார். எனக்கு இதுதான் தொடரின் வேலையே. கிளாடியாவுக்கு நேர்மாறு: அவள் பேசுவதற்கு முன்பே வெட்டு விழும், ஏறிய புருவத்தின் மேல். அங்கே வில்லியை ‘கொந்த்ராபிதா’ என்பார்கள். கொந்த்ராபிதாவின் புருவம் ஏறும், இறங்காது.

மூன்றாவது, காலம். தொடர் தொடங்கிய அதே 2000 நவம்பர் 13 அன்றுதான் பிலிப்பைன்ஸ் பிரதிநிதிகள் சபை, ஜனாதிபதி ஜோசப் எஸ்த்ராடா மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டைச் செனட்டுக்கு அனுப்பியது. எஸ்த்ராடா பழைய சினிமாக் கதாநாயகர். டிசம்பரில் விசாரணை நேரடி ஒளிபரப்பாக ஓடியது. ஜனவரி 16 அன்று அது முறிந்தது. 17 முதல் 20 வரை எட்சா சாலையில் கூட்டம், அவர் பதவி போனது. பகலில் ஒரு நாட்டுத் தலைவரின் கணக்குப் புத்தகங்களைப் பிரிப்பதைப் பார்த்த அதே டிவியில், இரவானால் புவேனாவிஸ்தா என்ற அரசியல் குடும்பத்தின் அழுக்கு. எந்த எழுத்தாளரும் திட்டமிட்டு இப்படி அமைக்க முடியாது.

குப்பை மேட்டையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் கற்பனையாக முளைத்ததில்லை. 2000 ஜூலை 10 அன்று, தொடர் தொடங்க நான்கு மாதம் முன்பு, கேசோன் சிட்டியின் பயாதாஸ் குப்பைக் கிடங்கு மழையில் ஊறிச் சரிந்தது. அடியில் இருந்த குடிசைகளில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் என்ன தெரியுமா? லூப்பாங் பங்காக்கோ. ‘வாக்களிக்கப்பட்ட நிலம்.’ தொடரின் தலைப்பில் உள்ள அதே பங்காக்கோ.

#9 · யாழ்நிலா

கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

(அண்ணன், திருத்தத்துக்கு நன்றி. எம்மி விஷயத்தில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இருந்தது!)

#10 · நடத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஏஞ்சலோவின் பிறப்பு இரகசியத்தைப் பொதுவில் போட்டுடைக்க வேண்டாம். இந்தத் தொடரை இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் சீரியல்களோடு ஒப்பிடுவதற்குத் தனி இழை இருக்கிறது, தயவுசெய்து அங்கே போகவும்.

#11 · தர்க்கம்

ஏஞ்சலோவுக்கும் பிறப்பு இரகசியமா? கடவுளே. இந்தத் தீவுகளில் அவரவர் அப்பா அம்மாவுக்கே பிறந்த ஒருவராவது உண்டா?

#12 · ஈப்போ_முருகையா

குறைவுதான் தம்பி. 1992 முதல் 1997 வரை ‘மாரா கிளாரா’ என்று ஒன்று ஓடியது. ஆஸ்பத்திரியில் மாற்றிவைத்த இரண்டு குழந்தைகளின் கதை. அந்த உண்மையை எழுதிவைத்த டைரி ஒருவர் கைக்குப் போகும், தொலையும், கிடைக்கும், மறுபடி தொலையும். நாலரை வருடம்! ஜூடி ஆன் சாந்தோஸ் அழுதே நாட்டை நனைத்தார். 2010இல் அதையும் மறுபடி எடுத்தார்கள், மாராவாக வந்த சிறுமி யார் என்கிறீர்கள்? யாழ்நிலாவின் காத்ரின் பெர்னார்டோ. அழுகையிலும் ஒரு வாரிசுமுறை இருக்கிறது அங்கே.

அதற்கும் முன்னால், 1980இல் தொடங்கிய ‘அன்னா லிசா’. அதில் சிறுமியாக நடித்த ஜூலி வேகா 1985 மே மாதம் 16 வயதில் நோயில் இறந்துபோனாள். தொடர் முடிந்தபாடில்லை, பிள்ளை போய்விட்டது. என் பிலிப்பினோ சகோதரி ஒருவர் இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் சிலுவை போட்டுக்கொள்வார்.

#13 · வானதி_கே

தர்க்கத்தின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே? ஈனா ஏன் அதே வீட்டுக்கு வருகிறாள்?

என் எண்ணம் இது. தற்செயல் என்று பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பு அதிகம் இல்லாத ஏழைப் பெண் நகரத்துக்கு வந்தால் அவளுக்குத் திறக்கும் கதவுகள் எத்தனை? சமையலறைக் கதவு ஒன்றுதான். பெரிய வீடுகளும் சிலதான். தாய் நுழைந்த பின்வாசல் வழியாகவே மகளும் நுழைகிறாள். அங்கே வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று தனிச் சட்டம் 2013இல்தான் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம், வாரம் ஒருநாள் ஓய்வு, சமூகப் பாதுகாப்பு நிதி எல்லாம் அதில்தான் ஒரே இடத்தில் எழுத்தில் ஏறின. அமோருக்கும் ஈனாவுக்கும் இடையில் ஒரு தலைமுறை போயிருக்கிறது, அந்தச் சமையலறையில் எதுவும் மாறவில்லை. எழுத்தாளரின் சோம்பல் கொஞ்சம் இருக்கலாம். ஊரின் சோம்பல் அதைவிட அதிகம்.

#14 · மெழுகுவத்தி

மூன்று நாளாக டியூட்டி, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். வெட்டுமேசை அவர்களின் பயாதாஸ் பத்தியை ஆத்தேக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாதா என்ன.

நான் முதல் பதிவில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அமோர், கிளாடியா ஜோடி என்றேன். இந்த வாரம் ஆத்தேயோடு சேர்ந்து மறுபடி சில எபிசோட் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது.

பழிவாங்கும் காட்சிகள் வந்தால் என் மற்ற இரண்டு தோழிகளும் கைதட்டுவார்கள். ஆத்தே தட்டமாட்டார். அவர் படத்தை நிறுத்துவது வேறு இடத்தில்: அமோர், எதிரே நிற்பது தன் மகள் என்று தெரியாமல், ஈனாவை வார்த்தையால் குத்தும் இடத்தில். அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய் அரிசி கழுவுவார். பல முறை பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. இந்த முறை கேட்டுவிட்டேன்.

அவர் மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாராம். முதல் ஒப்பந்தம் இரண்டு வருடம், அதை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தார். லீவில் போய் விமான நிலையத்தில் இறங்கியபோது பிள்ளை பாட்டியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ‘யார் இது’ என்று கேட்டது. பெட்டி நிறைய சாக்லேட், சோப்பு, துண்டு எல்லாம் கொண்டு போயிருந்தார். பெட்டியைத்தான் முதலில் தொட்டது.

“அமோர் கெட்டவள் இல்லை. இருபது வருடம் லீவு கிடைக்காதவள், அவ்வளவுதான்” என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தொடர் முழுக்க வேறு மாதிரி தெரிகிறது. குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போவது, அங்கே சம்பாதிப்பது, திரும்பி வரும்போது மகள் எதிரே நின்றும் அடையாளம் தெரியாமல் போவது. நமக்கு இது மிகை. 1974 தொழிலாளர் சட்டத்திலிருந்தே ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக வைத்திருக்கும் நாட்டில் இது பக்கத்து வீட்டுச் செய்தி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஏபிஎஸ்-சிபிஎன் 1994இலேயே தனிச் சேனல் தொடங்கிவிட்டது. வளைகுடாவில், ஹாங்காங்கில், இத்தாலியில், யாரோ ஒருவர், அடுத்தவர் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்திருப்பார். அவர்களுக்கு ஈனாவின் காதல் எக்கேடு கெட்டால் என்ன? அமோர் எப்போது மகளைக் கண்டுபிடிப்பாள் என்பதுதான் கவலை.

#15 · தர்க்கம்

இதற்கு எதிராகப் பேசுவது முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனாலும் பேசுகிறேன்.

உங்கள் ஆத்தே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு ஊருக்குப் போகிறார். அமோர் கோடிகளோடு போகிறாள். ஆத்தேயின் துயரத்தைக் கடன் வாங்கி, அவர் ஒருபோதும் பெற முடியாத தீர்வை விற்கிறது இந்தத் தொடர். உழைத்து அமோர் அந்த இடத்துக்கு வரவில்லை. அமெரிக்கக் கணவர் வேண்டியிருந்தது. வேலைக்காரப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க அவள் முதலில் முதலாளி ஆக வேண்டும் என்றால், அது என்ன நியாயம்?

#16 · வானதி_கே

நல்ல அடி. ஆனால் தொடர் அதை மறைக்கவில்லையே. அமோர் பவர்ஸ் ஆன பிறகு அவள் எப்படி நடந்துகொள்கிறாள்? வேலைக்காரர்களிடம் பேசும் தோரணை கிளாடியாவின் தோரணை. பணம் வந்ததும் தன்னை நசுக்கியவளின் நகல் ஆகிவிடுகிறாள். அந்த நகலின் கையால் முதலில் அடிபடுவது அவள் பெற்ற பிள்ளை. தீர்வை விற்பதாக இருந்தால் அமோரைப் புனிதவதியாகக் காட்டியிருப்பார்கள்.

#17 · வெட்டுமேசை

வானதி சொல்வதற்குப் படத்திலேயே சாட்சி உண்டு. பழைய தொடரில் பிற்பகுதி அமோரையும் கிளாடியாவையும் ஒரே உயரத்தில், ஒரே அளவு முகத்தோடு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் யார் நல்லவள் என்று சொல்ல முடியாது. 2015இல் ஜோடியின் அமோரில் காயம் மேலே தெரிகிறது, யூலாவின் அமோரில் அது உள்ளே இறுகிக் கிடக்கிறது. யாழ்நிலா கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு யூலாதான்.

உழைப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இவ்வளவு எபிசோட்களை வாராவாரம் எடுத்துத் தள்ளியவர்களின் நிலையும் சுகமில்லை. விடிய விடியப் படப்பிடிப்பு என்பது அந்தத் துறையில் சாதாரணம். 2019இல் மூத்த நடிகர் எட்டி கார்சியா ஒரு தொடரின் படப்பிடிப்பில் தடுக்கி விழுந்து, பிறகு இறந்தார். அவர் பெயரில் 2024இல் ஒரு சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நீட்டித்தாலும் பதினான்கைத் தாண்டக்கூடாது. பதினான்கு என்பதே ஒரு முன்னேற்றம் என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

#18 · யாழ்நிலா

கோபமில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆனால் இந்த இழை தொடங்கிய பிறகு பழையதை மறுபடி எடுத்து 30 வரை வந்துவிட்டேன். வயலின் பழகிவிட்டது. கிறிஸ்டினுக்கு அப்போது வெறும் 17 வயசுதானா? அழும்போது நிஜமாகவே பள்ளிக்கூடப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சுகிறாள்.

#19 · ஈப்போ_முருகையா

ஜெரிகோவும் கிறிஸ்டினும் 2009இல் ‘டாஹில் மை இசாங் இகாவ்’ தொடரில் மறுபடி சேர்ந்தார்கள், அதுவும் சர்வதேச எம்மி பரிந்துரை வரை போனது. இதை முடித்துவிட்டு அதையும் பாருங்கள். ஏபிஎஸ்-சிபிஎன் சேனலின் ஒளிபரப்பு உரிமம் 2020 மே மாதம் காலாவதியாகி, ஜூலையில் நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்று புதுப்பிக்க மறுத்துவிட்டது. தொடர்களை இணையத்துக்கும் வேறு சேனல்களுக்கும் கொண்டுபோனார்கள். நாம் இன்றைக்குப் போனில் பார்க்க முடிவதில் அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

#20 · மெழுகுவத்தி

ஆத்தே டிசம்பரில் லீவில் போகிறார். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார், அறையில் நடக்க இடமில்லை. மகள் இப்போது கல்லூரி. வீடியோ அழைப்பில் இழை பற்றிச் சொன்னேன். “அம்மா இன்னும் அதையா பார்க்கிறார்? நான் கொரியத் தொடர்தான் பார்ப்பேன்” என்றாள். ஆத்தே முறைத்தார்.

#21 · தர்க்கம்

யாரும் சிரிக்கக் கூடாது. எபிசோட் 14இல் இருக்கிறேன். ஏஞ்சலோவின் இரகசியத்தை யாரும் சொல்லாதீர்கள்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். கிளாடியாவின் புருவம் எந்த எபிசோட்டில் இறங்கும்?

#22 · மெழுகுவத்தி

இறங்காது. மேலே பாருங்கள்.